ஒன்பது சொடுக்கு

அய்யூப் ஒரு திருகாணியைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். இதுக்கு முன்னாடி யார் தொட்டாங்க? எப்ப தொட்டாங்க? எந்தப் பக்கம் திருப்பினாங்க? முதல் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும்: "யாரும் தொடலை பாய்." அது பொய் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் மற்ற இரண்டையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

திருவண்ணாமலையில் போளூர் ரோட்டில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. டீசல் பம்ப் வேலை. லாரி, டிராக்டர், கிணற்று எஞ்சின் எதுவானாலும், எண்ணெயைத் துளித்துளியாக அளந்து, அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை தவறாமல் அனுப்புகிற பம்ப் ஒன்று அதில் உண்டு. அளவு கொஞ்சம் கூடினால் கரும்புகை. கொஞ்சம் குறைந்தால் இழுவை இல்லை. நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அய்யூப்பின் பிழைப்பு.

இந்த நிதானம் பிறவியில் வந்ததல்ல. 1968-ல் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் ஆலை ஒன்றின் எஞ்சினுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்தது. ஆலைக்காரர், "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வை பாய், அறுவடை நேரம்" என்றார். வேகத்துக்கு எல்லை போடுகிற திருகாணியில் ஈய முத்திரை இருந்தது. அய்யூப் முத்திரையை உடைத்து இரண்டு சுற்றுத் திருப்பினார். எஞ்சின் முதலில் நன்றாக ஓடியது. பிறகு மிக நன்றாக ஓடியது. பிறகு யார் நிறுத்தினாலும் நிற்கவில்லை. ஆலைக்காரர், கூலியாட்கள், அய்யூப் எல்லாரும் ஓடினார்கள். எஞ்சின் மட்டும் அங்கேயே நின்றபடி ஓடி, கடைசியில் வெடித்தது. ஓட்டுக் கூரையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. யாருக்கும் அடி இல்லை. மறுநாள் அய்யூப் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். அன்றிலிருந்து அவர் திருப்பிய ஒவ்வொரு திருப்பமும், எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்று அதில் ஏறியது.

இதில் பாதி அய்யூப் எனக்குச் சொன்னது, மீதி அவர் மனைவி சுல்தானா சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் சுல்தானா சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

1974 டிசம்பர் கடைசியில் ராமதாஸ் பட்டறைக்கு வந்தார். ராமதாஸ் பெட்ரோல் வண்டி மெக்கானிக். ஊரில் இருந்த அம்பாசடர்களும் பியட்களும் அவர் கையில்தான். இருவரும் ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை.

"பாய், ஒரு ஜெர்மன் காரு வந்துக்கீது. ஒன்றரை நாளா கார்பரேட்டரத் தேடறேன். கெடைக்கல."

"யாராச்சும் கழட்டி வித்துட்டாங்களா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அதை மாட்டற எடமே இல்ல."

அய்யூப் போய்ப் பார்த்தார். சாம்பல் நிறக் கார், 1966-ல் செய்தது. பானட்டைத் தூக்கினால் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு பம்ப். அதன் தலையிலிருந்து ஆறு மெல்லிய குழாய்கள் ஆறு சிலிண்டருக்குப் போயின. அவர் தினமும் கழற்றிப் பூட்டுகிற பம்ப்புக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது.

"டீசல் வண்டிப்பா இது" என்றார்.

"பெட்ரோல் ஊத்தித்தான் ஓடுது பாய்."

"பம்ப்பு டீசல் பம்ப்பு."

"வண்டி பெட்ரோல் வண்டி."

இருவரும் டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். ராமதாஸ் சொன்னது சரி. பம்ப்பைப் பார்த்தால் அய்யூப் சொன்னதும் சரி. பெட்ரோலை டீசல் போல அளந்து அழுத்தி அனுப்புகிற கார் உலகத்தில் இருக்கிறது என்பதை இருவரும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். ராமதாஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இது உன் வண்டிதான்" என்று போய்விட்டார்.

காரின் சொந்தக்காரி ஹெட்விக் என்ற ஜெர்மன் அம்மா. வயது ஐம்பத்தாறு. கணவர் இறந்த மறுவருஷம், அவருடைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாகத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கார் வரும் வழியிலேயே கரும்புகை கக்கத் தொடங்கிவிட்டது. வந்த பிறகு பெரும்பாலும் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. இந்தியாவில் அந்தக் காரை வைத்திருக்கக் கொடுத்த அனுமதி 1975 ஏப்ரலோடு முடிகிறது. அதற்குள் கார் எல்லையைத் தாண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சுங்கக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இத்தனையும் அய்யூப்புக்குச் சொன்னவர் இருசப்பன். ஆசிரமத்துக்குக் காய்கறியும் அரிசியும் ஏற்றி வருகிற வேன் டிரைவர். அவர் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம், ஹெட்விக் மௌன விரதத்தில் இருந்தார்.

"ஒரு வருசம்னு இருக்காங்க பாய். பத்து மாசம் ஆயிடுச்சு."

"அப்ப வண்டில என்னா கோளாறுன்னு யார்கிட்ட கேக்கறது?"

"அவங்ககிட்டதான்."

"அவங்கதான் பேச மாட்டாங்களே."

"அதான்" என்றார் இருசப்பன்.

எழுதிக் காட்டுவாரா என்று அய்யூப் கேட்டார். மாட்டார். எழுதினாலும் பேச்சுதான் என்பது அவருடைய கட்சி. தலையாட்டுவதும் பேச்சா என்பதில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களிடையே இரண்டு கருத்து இருந்தது. ஹெட்விக் நன்றாக யோசித்து, காருக்காக மட்டும் தலையாட்டலாம் என்று முடிவு செய்தார்.

அய்யூப் வீட்டிலிருந்து தன் மகளுடைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்து வந்து பானட்டின் மேல் விரித்தார். முதல் கேள்வியைக் கேட்டாக வேண்டும். துருக்கியில் விரலை வைத்தார்.

"இங்க யாராச்சும் தொட்டாங்களாம்மா?"

ஹெட்விக் அசையவில்லை. விரல் கிழக்கே நகர்ந்தது. டெஹரானில் தலையாட்டினார். லாகூரில் இல்லை. டெல்லியில் ஆட்டினார். பம்பாயில் ஆட்டினார். சென்னையில் இரண்டு முறை ஆட்டினார்.

"எந்தப் பக்கம் திருப்பினாங்க?"

அதற்கு அவர் இரண்டு கையையும் விரித்தார். இருபது வருஷத் தொழிலில் அய்யூப்பின் முதல் கேள்விக்கு உண்மையான பதில் சொன்ன முதல் வாடிக்கைக்காரர் அவர்தான். அதை அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொன்னார்.

பிறகு ஹெட்விக் காருக்குள் குனிந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். காரோடு வந்த கையேடு. கடைசிப் பக்கங்களில் பென்சிலில் பொடிப்பொடியாக எழுத்து. ஜெர்மன் மொழி அய்யூப்புக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வரிவரியாகத் தேதியும், அம்புக்குறியும், எண்ணும் இருந்தன. இடப்பக்கம் இரண்டு. வலப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. கடைசித் தேதி 1972 அக்டோபர். அதன் எதிரே 9 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. அதற்குக் கீழே பக்கம் காலி.

"இவங்க வூட்டுக்காரரு எப்ப மௌத்தானாரு?" என்று இருசப்பனிடம் மெதுவாகக் கேட்டார்.

"எழுபத்திரண்டு கடைசீல, பாய்."

அய்யூப் அந்தப் பக்கங்களை முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை பார்த்தார். முன்பின் பார்த்தறியாத ஓர் ஆள், உலகத்தின் மறுகோடியில் உட்கார்ந்து, தன்னைப் போலவே ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதி வைத்திருக்கிறான். "ஒழுங்கான மனுஷன்" என்று மட்டும் சொன்னார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

பம்ப்பின் பின்பக்கம் சின்னக் குமிழ் ஒன்று இருந்தது. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பது அதில். ஒன்பது என்பது இதைத்தான் என்று அய்யூப் ஊகித்தார். எஞ்சினை ஓடவிட்டு ஒரு வாரம் காலையும் மாலையும் காது கொடுத்துக் கேட்டார். தொடவில்லை. ஜனவரி நடுவில், ஒரு வியாழக்கிழமை காலை, தொடலாம் என்று முடிவு செய்தார்.

லாரி பம்ப்பில் இந்த மாதிரித் திருகாணியை எஞ்சின் ஓடும்போதுதான் திருப்புவார்கள். சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டே திருப்ப வேண்டும். இருபது வருஷமாக அந்தக் கை அப்படிப் பழகியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்விக் ஓட்டுநர் இருக்கையில் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். அய்யூப் குனிந்து குமிழில் விரலை வைத்தார்.

"நைன்!"

ஹெட்விக்கின் குரல் போளூர் ரோடு முழுக்கக் கேட்டது; ஜெர்மனில் அதற்குக் 'கூடாது' என்று அர்த்தம். எதிர்வரிசையில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே போட்டார். அய்யூப் கையை நெருப்பிலிருந்து எடுப்பது போல எடுத்தார். எஞ்சின் நின்றது. ஹெட்விக் சாவியை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

 

பிறகு அவர் அய்யூப்பின் பக்கத்தில் வந்தார். அவர் விரலைப் பிடிக்காமல், தன் விரலாலேயே செய்து காட்டினார். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் குமிழை உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தியபடி திருப்ப வேண்டும். திருப்பும்போது உள்ளே சொடுக், சொடுக் என்று விழும். ஓடும்போது திருப்பினால் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது எல்லாம் உடைந்துவிடும் என்பதை இரண்டு முஷ்டிகளை மோதிக் காட்டிச் சொன்னார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷம் பார்த்திருக்க வேண்டும்.

முடிகிற வரை திருப்பி எண்ணினார்கள். இருபத்தொன்று. நான்கு நகரங்கள் சேர்ந்து பன்னிரண்டு சொடுக்கு கூட வைத்திருந்தன. அய்யூப் அங்கிருந்து திருப்பி எண்ணி ஒன்பதில் நிறுத்தினார்.

மறுநாள் இருசப்பன் தனியாக வந்தார்.

"பதினோரு மாசம் பாய். இன்னும் ஒரு மாசந்தான் பாக்கி இருந்துச்சு."

"இப்ப?"

"மறுபடி முதல்லருந்து."

 சாயங்காலம் அய்யூப் பள்ளிவாசலுக்குப் போய் அஜரத்திடம் கேட்டார். சத்தியம் முறிந்தால் பரிகாரம் என்ன?

"பத்து ஏழைக்குச் சாப்பாடு போடணும். முடியலைன்னா மூணு நாள் நோன்பு. முறிச்சது யாரு?"

"ஒரு ஜெர்மன் அம்மா."

"அப்ப அவங்கல்ல போடணும்?"

"முறிய வெச்சது நானு, அஜரத்."

அஜரத் நெடுநேரம் தாடியைத் தடவினார். "கிதாபுல அதுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா சாப்பாடு போட்டா தப்பு ஒண்ணும் இல்லை."

சுல்தானாவிடம் வந்து சொன்னார். சுல்தானா வார்த்தையை வீணாக்காத பெண்மணி.

"அவங்க விரதத்துக்கு நீங்க பரிகாரம். நீங்க பரிகாரம் பண்றதுக்கு நான் அடுப்பாண்ட நிக்கணும். சரி. கறி போடலாமா?"

"சாமியாருங்க. போடாத."

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அண்டா நிறைய நெய்யில் குஸ்கா செய்தார் சுல்தானா. பத்துப் பேருக்குச் சாப்பாடு என்றால் திருவண்ணாமலையில் ஆள் தேட வேண்டியதில்லை. முப்பத்தொரு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் போட்டார்கள். முப்பத்தோராவது இலையில் ஹெட்விக் உட்கார்ந்திருந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். எழுந்து போகும்போது சுல்தானா தூக்கிக்கொண்டிருந்த அண்டாவின் மறுபக்கக் காதைப் பிடித்து, கிணற்றடி வரை தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

பரிகாரம் முடிந்தது. புகை முடியவில்லை. ஒன்பதில் வைத்த பிறகு குறைந்தது, நிற்கவில்லை. ஒரு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வரவில்லை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி மாதிரி.

வேலை செய்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதற்கு மேடுபள்ளம் அதிகமில்லாத, ஒரே நீளம் வருகிற சாலை வேண்டும். மலையைச் சுற்றிப் போகிற சாலைதான் அதற்குப் பொருத்தம். பதினான்கு கிலோமீட்டர். ஹெட்விக் ஓட்டுவார், அய்யூப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பார். எப்போதும் மலை வலப்பக்கம் இருக்கிற மாதிரியேதான் ஓட்டினார் ஹெட்விக். மார்ச் முடிவதற்குள் அய்யூப் இருபத்து மூன்று முறை மலையைச் சுற்றியிருந்தார். ஊரில் பல பக்தர்கள் வாழ்நாளில் அத்தனை முறை சுற்றியதில்லை. பூக்கடைக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துக் கும்பிடத் தொடங்கியிருந்தார். அய்யூப் அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் சலாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாவது சுற்றில் சுல்தானாவும் பின்னால் உட்கார்ந்திருந்தார். செங்கம் ரோட்டில் சொந்தக்காரர் வீட்டில் இறங்க வேண்டியிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் இறங்காமல் சொன்னார்:

"பொறப்படும்போது நல்லாத்தான் இருக்குது. சூடு ஏற ஏறத்தான் கெட்டுப்போவுது."

"எல்லா வண்டியும் பொறப்படும்போதுதான் மக்கர் பண்ணும்" என்றார் அய்யூப். "சூடானா சரியாயிடும்."

"அதத்தான் சொல்றேன். இது தலகீழா இருக்குது."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அய்யூப் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஹெட்விக்கும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது பழக்கம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலாக வேண்டும். சூடான பிறகு அந்தக் கூடுதல் வேண்டாம். பம்ப்பின் மேல் எஞ்சின் தண்ணீர் வந்துபோகிற ஒரு சிறு அறை இருப்பதை அய்யூப் முதல் வாரமே பார்த்திருந்தார். என்ன வேலை என்று புரியாததால், தன் வழக்கப்படி, தொடாமல் விட்டிருந்தார். அதுதான் எஞ்சின் சூடாகிவிட்டது என்று பம்ப்புக்குத் தெரிவிக்கிற ஆள். அந்த ஆள் தெரிவிக்கவில்லை. வெளியே நூறு டிகிரி வெயில் அடித்தாலும் பம்ப் இன்னமும் ஜெர்மனியில் பனிக்காலம் என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அதைக் கழற்றினார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பித்தளை உருளை. சூட்டில் அதன் முனையிலிருந்து ஓர் ஊசி வெளியே வர வேண்டும். சுல்தானாவின் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து உள்ளே போட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஊசி அசையவில்லை.

"வெந்துடுச்சா?" என்றார் சுல்தானா.

"செத்துடுச்சு."

மாற்று உருளைக்கு ஜெர்மனிக்கு எழுதினால் வந்து சேர மாசக்கணக்காகும். அனுமதி முடிய ஒரு மாசம்தான் இருந்தது. அன்று மத்தியானம் பட்டறை வாசலில் வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. அய்யூப் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு இருசப்பனிடம் கேட்டார்:

"இந்த ஊர்ல குளிரு எங்க இருக்குது?"

"மார்கழீல கொஞ்சம் இருக்கும் பாய்."

"அது குளிரா?"

குளிரே இல்லாத ஊரில் குளிருக்கான ஏற்பாடு எதற்கு என்பதுதான் அவருடைய யோசனை. எஞ்சின் எப்போதும் சூடாகவே இருக்கிறது என்று பம்ப்பை நம்பவைத்துவிட்டால் போதும். உருளைக்கு அடியில் வாஷர் வைத்து அதை உயர்த்தினார். மூன்று வாஷரில் புகை பாதியானது. நான்கில் இன்னும் குறைந்தது. ஐந்தில் நின்றது. ஆறு வைத்துப் பார்த்தார், எஞ்சின் இழுக்காமல் திணறியது. ஐந்தின் கனத்தை அளந்து பட்டறையில் பித்தளைத் துண்டு ஒன்று கடைந்து உள்ளே வைத்து மூடினார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்.

இருபத்து மூன்றாவது சுற்று. ஹெட்விக் வேகத்தைக் கூட்டினார். அய்யூப் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். சாலை தெரிந்தது, புளியமரங்கள் தெரிந்தன, ஒரு மாட்டு வண்டி தெரிந்தது. புகையில்லாமல் பின்னால் இருப்பதெல்லாம் தெரிவது அவருக்குப் புதிதாக இருந்தது. அடி அண்ணாமலை தாண்டி ஹெட்விக் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. அய்யூப் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அறுவடை முடிந்திருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் ஹெட்விக் கையேட்டைக் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, வட்டம் போட்ட ஒன்பதுக்குக் கீழே இருந்த காலி வரியில் விரலை வைத்தார். பென்சிலை நீட்டினார்.

அய்யூப் வாங்கவில்லை. "அது அவர் புஸ்தகம்மா."

விரல் அங்கேயே இருந்தது. பென்சிலும் அங்கேயே இருந்தது. ஹெட்விக்கிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, வாதாட அவர் ஒன்றும் சொல்வதே இல்லை. அய்யூப் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதினார். தேதி. 21-லிருந்து 9-க்கு ஓர் அம்புக்குறி. கீழே பித்தளைத் துண்டின் படம், அதன் கனம். குளிர் ஊரில் அதை எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல மலை ஒன்றும் அதன் மேல் பனியும் வரைந்தார். பனியை அவர் பார்த்ததில்லை. அரிசி கொட்டின மாதிரி வரைந்து வைத்தார். கையெழுத்துப் போடலாமா என்று யோசித்து, மேலே அந்த மனிதர் எங்கும் கையெழுத்துப் போடாததால் தானும் விட்டுவிட்டார்.

நேபாளம்தான் பக்கத்து எல்லை. ஹெட்விக்குக்குத் துணையாக இருசப்பன் போனார். ஒருவர் பேச மாட்டார், மற்றவர் பேசினால் ஆந்திராவுக்கு அப்பால் யாருக்கும் புரியாது. இருவரும் பத்து நாளில் எல்லையைத் தொட்டார்கள், அனுமதிக்கு ஐந்து நாள் மிச்சம் இருக்கும்போது. வழியில் கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. இருசப்பன் ரயிலில் திரும்பி வர எட்டு நாள் ஆனது. இறங்கியதும் நேராகப் பட்டறைக்கு வந்து, ஓர் ஆணி அடிக்கிற நேரம்கூட விடாமல் மூன்று மணிநேரம் பேசினார். இத்தனை நாள் சேர்ந்துபோயிருந்தது.

1976 ஜனவரி கடைசியில் காத்மாண்டுவிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மௌனம் முடிந்த பிறகு ஹெட்விக் எழுதிய முதல் கடிதம் அதுதான். ராமதாஸ் பத்தாவது படித்தவர், எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார்.

"பித்தளைத் துண்டை எடுத்துட்டாங்களாம். காலைல உடனே ஸ்டார்ட் ஆவுதாம், பத்து மணிக்கு மேல கரும்பொகையாம். மறுபடி போட்டாங்களாம். இப்ப பொகை இல்லையாம், ஆனா காலைல ஸ்டார்ட்டே ஆவலையாம். இன்னா பண்றதுன்னு கேக்கறாங்க."

அய்யூப் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"துண்டு உள்ளயே இருக்கட்டும். பத்து மணிக்கு மேல பொறப்படச் சொல்லி எழுது."

அப்படியே எழுதினார்கள். அப்படியே செய்ததாகப் பதில் வந்தது. அந்த வருஷக் கடைசியில் ஜெர்மனியிலிருந்து புது உருளை காத்மாண்டுவுக்குப் போய்ச் சேர்ந்தது. கழற்றிய பித்தளைத் துண்டை ஹெட்விக் தபாலில் திருப்பி அனுப்பினார். சுல்தானா அதை ஆடுகிற பீரோவின் காலுக்கு அடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு அய்யூப்பின் பட்டறைக்குச் சில வெளிநாட்டு வேன்கள் வந்தன. அவர் பெயர் எப்படியோ காத்மாண்டு வரை போயிருந்தது. எல்லாம் டீசல் வேன்கள், புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. மகள் ரஹமத் வேலூரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேங்கிக்காலில் வேலைக்குப் போனாள். அய்யூப்புக்குக் கண்ணாடி வந்தது. சர்க்கரை வந்தது. போளூர் ரோட்டில் பட்டறைகள் ஒன்று ஏழானது. அவசர வேலைக்காரர்கள் மற்ற ஆறுக்கும் போனார்கள், அந்த ஆறிலும் சரியாகாதவை அய்யூப்பிடம் வந்தன.

1983-ல் ஹெட்விக் திரும்பி வந்தார். காரைக் காத்மாண்டுவில் ஒரு டாக்டரிடம் கொடுத்துவிட்டு, ரயிலில் சென்னை வரை, அங்கிருந்து பஸ். வயது அறுபத்தைந்து. மத்தியானம் பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. அய்யூப் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளைச் சேலையில் ஹெட்விக், அவர் பிடியில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பஸ் டிரைவரின் முழங்கை.

"பாய், நல்லா இருக்கீங்களா?" என்றார் ஹெட்விக். "இவர் பஸ்ஸு திண்டிவனத்துலருந்து ஒரே பொகை. எனக்குக் கண்ணெல்லாம் எரியுது. பம்ப்புல எண்ணெ ஜாஸ்தியா போவுது. சொன்னா கேக்க மாட்டேன்றாரு. நீங்க கொஞ்சம் பாருங்க."

அய்யூப் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்மணி. அத்தனை நாளும் காதை மட்டும் திறந்து வைத்திருந்திருக்கிறார். கேட்டுக் கேட்டே போளூர் ரோட்டுத் தமிழை முழுதாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பட்டறையில் லாரி டிரைவர்கள் பேசியதும் அதில் அடக்கம் என்பது பிற்பாடு தெரிந்து, சுல்தானா உட்காரவைத்து ஏழெட்டுச் சொற்களை நீக்க வேண்டியிருந்தது.

"அந்தம்மா யாருங்க?" என்று டிரைவர் பரிதாபமாகக் கேட்டார்.

"நம்ம கஸ்டமரு" என்றார் அய்யூப். "பஸ்ஸ எடுத்துட்டு வா."

ஹெட்விக் இந்த முறை வாடகைக்கு எடுத்தது பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. வெள்ளிக்கிழமைகளில் சுல்தானாவின் சமையலறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினார். ஜெர்மனியைப் பற்றி, பனியைப் பற்றி, கணவரைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனிதர் காரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட வர மாட்டாராம். சுல்தானா, தனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிக் கேட்பது போலவே இருந்தது என்றார்.

அந்தப் பஸ்ஸுக்கு இரண்டு நாள் வேலை இருந்தது. மூன்றாம் நாள் வேலூர் போய்த் திரும்பிய டிரைவர், புகை சுத்தமாக இல்லை என்று வந்து சொன்னார். ஹெட்விக் நம்பவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, பிளாஸ்கில் டீயோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அந்தப் பஸ் புறப்பட்டு வளைவில் திரும்புகிற வரை பின்னால் நின்று பார்த்துவிட்டு, பட்டறைக்கு வந்து, "சரியா இருக்குது" என்றார்.